மவுஸ் வாங்குவது முதல் வாரண்டியில் மாற்றுவது வரை: குமரி மாவட்டத்தில் புதிதாகக் கம்ப்யூட்டர் வேலை தொடங்குகிறவர்களுக்கு

குலசேகரம் பக்கம் ரப்பர் ஷீட் வாங்கி விற்கும் இரண்டு கடைகளுக்கு வீட்டில் இருந்தபடியே கணக்கு எழுதிக் கொடுக்கிறேன். என் வயர்லெஸ் மவுஸ் வாங்கிய ஐந்தாம் மாதம் கெட்டது. விலை 650 ரூபாய். அட்டைப் பெட்டியில் வாரண்டி இருக்கிறது என்று தெளிவாகவே அச்சடித்திருந்தார்கள். ஆனாலும் அதை மாற்றி வாங்க ஏழு வாரம் ஆயிற்று. நாகர்கோவிலுக்கு மூன்று முறை பஸ் ஏறினேன், கூரியருக்குப் பணம் கட்டினேன், இடையில் வேலை நிற்கக்கூடாதே என்று இன்னொரு மவுஸும் வாங்கினேன். இவ்வளவும் எதற்கு என்று பார்த்தால், வாங்கின அன்றைக்கு ஐந்து நிமிடம் செலவழித்து செய்திருக்க வேண்டிய இரண்டு காரியங்களை, அதாவது தேதி போட்ட பில் வாங்குவதையும் அதில் சீரியல் நம்பர் எழுதி வாங்குவதையும், நான் செய்யவில்லை. அவ்வளவுதான்.

சின்னப் பொருள் என்று யாரும் மவுஸைக் கவனிப்பதில்லை. ஆனால் நாள் முழுவதும் கை அதில்தான் இருக்கிறது. புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களும், டைப்பிங் முடித்துவிட்டு வீட்டில் கம்ப்யூட்டர் போடுகிறவர்களும், பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுக்கிறவர்களும் இதை வரிசையாகப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

1. கிளம்பும் முன் முடிவு செய்ய வேண்டியவை

முதலில் வயரா, வயர்லெஸ்ஸா என்று முடிவு செய்யுங்கள். மேசையில் நிலையாக இருக்கும் கம்ப்யூட்டருக்கு வயர் மவுஸே போதும் என்பது என் தீர்மானமான கருத்து. தெரிந்த கம்பெனி மவுஸ் 250 முதல் 400 ரூபாய்க்குள் கிடைக்கும். பேட்டரிச் செலவு கிடையாது, தொலைந்துபோக, கம்ப்யூட்டரில் செருகி வைக்கும் சின்ன ரிசீவரும் கிடையாது. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அலைகிறவர்களுக்கு வயர்லெஸ் வசதி. அது 500 முதல் 900 ரூபாய் வரை இருக்கும்.

வயர்லெஸ்ஸிலும் இரண்டு வகை உண்டு. சின்ன யு.எஸ்.பி. ரிசீவரோடு வருவது ஒன்று, புளூடூத்தில் இணைவது இன்னொன்று. பழைய டெஸ்க்டாப் பலவற்றில் புளூடூத் கிடையாது. பெட்டியில் என்ன வகை என்று பார்க்காமல் வாங்கிப் போய், வீட்டில் இணைக்க வழியில்லாமல் நின்றவர்களை எனக்குத் தெரியும். உங்கள் கம்ப்யூட்டரின் பின்பக்கத்தைப் போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டு கடைக்குப் போனால் இந்தக் குழப்பமே வராது. ரொம்பப் பழைய மெஷின் என்றால் பின்னால் பச்சை நிறத்தில் வட்டமான துளை இருக்கும். அது அந்தக் கால மவுஸுக்கானது. அதைக் கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது செருகவோ பிடுங்கவோ கூடாது. பக்கத்திலேயே யு.எஸ்.பி. துளையும் இருந்தால் அதையே பயன்படுத்துங்கள்.

அடுத்தது அளவு. மணிக்கட்டுக் கோட்டிலிருந்து நடுவிரல் நுனி வரை ஸ்கேலால் அளந்து பாருங்கள். 17 சென்டிமீட்டருக்குக் குறைவு என்றால் சின்ன மவுஸ், 19 சென்டிமீட்டரைத் தாண்டினால் பெரிய மவுஸ். பெரிய கைக்குச் சின்ன மவுஸ் வாங்கினால் விரல்களை மடக்கியே வைத்திருக்க வேண்டும், ஒரு மாதத்தில் முழங்கை வரை வலிக்கும். இடது கைப்பழக்கம் உள்ளவர்கள் இரண்டு பக்கமும் ஒரே வடிவமாக இருப்பதையே கேளுங்கள். பெருவிரலுக்கென்று ஒரு பக்கம் குழி வைத்தது உதவாது.

நம் ஊருக்கென்று ஒரு விஷயம் தனியாகச் சொல்ல வேண்டும். தொட்டால் வெல்வெட் போல இருக்கும் ரப்பர் பூச்சு மவுஸ் வாங்காதீர்கள். கடையில் கைக்கு இதமாகத்தான் இருக்கும். ஈரக்காற்றில் அந்தப் பூச்சு மெல்ல இளகி, ஒன்றிரண்டு வருடத்தில் பலாப்பழப் பிசின் மாதிரி கையில் ஒட்ட ஆரம்பித்துவிடும். குளச்சலில் இருக்கும் என் சித்தி வீட்டில் அப்படியான மவுஸ் ஒன்றைப் பிளாஸ்டிக் கவர் சுற்றிப் பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள். சாதாரண கெட்டிப் பிளாஸ்டிக் உடம்பு கொண்டதுதான் இங்கே நீடிக்கும்.

2. பெட்டியைத் திருப்பிப் பாருங்கள்

நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் தக்கலையிலும் கம்ப்யூட்டர் கடைகளுக்குக் குறைவில்லை. எந்தக் கடையானாலும் பெட்டியின் பின்புறத்தைப் படித்த பிறகுதான் பணம் எடுக்க வேண்டும். அதிகபட்ச சில்லறை விலை, தயாரித்த அல்லது இறக்குமதி செய்த மாதமும் வருடமும், தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவரின் முகவரி, வாடிக்கையாளர் சேவை எண் ஆகிய நான்கும் இருக்க வேண்டும். உறையிட்டு விற்கும் பொருளில் இவற்றை அச்சிட வேண்டும் என்பது சட்டம். பெயர் மட்டும் பெரிதாகப் போட்டு, கீழே முகவரியே இல்லை என்றால் அது போலியாக இருக்க வாய்ப்பு அதிகம். பிற்பாடு வாரண்டி கேட்க ஆளே இருக்காது.

பெட்டியைத் திறந்ததும் மவுஸின் அடிப்புறம் பாருங்கள். எஸ்/என் என்று தொடங்கும் சீரியல் நம்பர் சின்ன எழுத்தில் இருக்கும். வயர்லெஸ் என்றால் அது பேட்டரி மூடிக்கு உள்ளேயும் இருக்கலாம். பெட்டியிலும் சீரியல் நம்பர் போட்டிருந்தால் இரண்டும் ஒன்றுதானா என்று பாருங்கள்.

3. பில்: இங்கேதான் நான் தவறினேன்

நான் வாங்கிய கடையில் நடந்ததை அப்படியே சொல்கிறேன். பில் கேட்டேன். வயதில் மூத்தவர், அன்பாகத்தான் பேசினார். "இதுக்குப் போயி பில்லா மக்களே? என்ன பிரச்சினைன்னாலும் எங்கிட்ட கொண்டா, நான் பாத்துக்கிடுதேன்" என்றார். சின்னத் துண்டுச் சீட்டில் "மவுஸ் 1, 650" என்று எழுதிக் கையில் தந்தார். தேதி இல்லை, கடை முத்திரை இல்லை, மாடல் இல்லை. நானும் சரி என்று பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். ஐந்து மாதம் கழித்துப் போனபோது கடையில் வேறு ஆள் இருந்தார். அந்தச் சீட்டை வைத்து அவரால் எதுவும் செய்ய முடியவில்லை. சர்வீஸ் சென்டரில் இருந்த பெண்ணும், "பில்லுல தேதியும் இல்ல, சீரியல் நம்பரும் இல்லியே அண்ணா, இத நாங்க எப்படி எடுக்கது?" என்று கேட்டார். அவர் கேட்டதில் தப்பே இல்லை.

ஆகவே பில்லில் இவை இருக்கின்றனவா என்று கவுன்டரில் நிற்கும்போதே பாருங்கள்:

கடையின் பெயர், முகவரி, பில் எண், தேதி.
கம்பெனிப் பெயரும் மாடல் எண்ணும். வெறும் "மவுஸ்" என்று இருந்தால் போதாது.
சீரியல் நம்பர். பில்லில் அச்சாகாவிட்டால் பேனாவால் எழுதிக் கையெழுத்தும் கடை முத்திரையும் வாங்குங்கள்.
வாரண்டி எத்தனை வருடம் என்பது.
உங்கள் பெயர். அலுவலகத்துக்காக வாங்கினால் அலுவலகப் பெயர்.

மவுஸுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம். அட்டையில் இருக்கும் அதிகபட்ச விலையில் இந்த வரியும் அடங்கிவிட்டது. "பில் வேணும்னா 18 பெர்சன்ட் கூட ஆகும்" என்று யாராவது சொன்னால், அட்டை விலைக்கு மேல் ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டியதில்லை. சில சிறு கடைகள் தொகுப்பு வரித் திட்டத்தில் (விற்பனைத் தொகையில் ஒரு சிறு சதவீதத்தைத் தாமே வரியாகக் கட்டுவது) இருப்பார்கள். அவர்கள் பில்லில் வரி தனியாகப் பிரித்திருக்காது. அதனால் அது பில் இல்லை என்று ஆகிவிடாது, வாரண்டிக்குச் செல்லும்.

கேட்டும் பில் தர மறுத்தால், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி அது முறையற்ற வணிக நடவடிக்கை. இதைச் சண்டையாகச் சொல்ல வேண்டாம். "அண்ணாச்சி, வாரண்டிக்குக் கம்பெனியில பில் கேப்பாங்க, மாடலும் சீரியல் நம்பரும் எழுதித் தாங்க" என்று சொன்னால் பெரும்பாலும் எழுதித் தருகிறார்கள். அடுத்த தடவை நான் அப்படித்தான் கேட்டேன், இரண்டு நிமிடத்தில் கையில் வந்தது.

கடையை விட்டு இறங்கும் முன் பில், பெட்டியின் பின்புறம், மவுஸின் அடிப்புறம் மூன்றையும் போனில் படம் எடுத்து உங்களுக்கே மெயில் அனுப்பிவிடுங்கள். தெர்மல் பேப்பர் பில் (மை இல்லாமல் சூட்டில் அச்சாவது) நாளடைவில் வெளுத்து வெறும் வெள்ளைத் தாளாகிவிடும். சீரியல் நம்பர் ஸ்டிக்கரும் உரசி உரசி அழிந்துபோகும்.

ஆன்லைனில் வாங்குகிறவர்கள், யார் விற்பனையாளர் என்று பாருங்கள். இன்வாய்ஸ் வந்ததும் டவுன்லோட் செய்து வையுங்கள். பார்சலைப் பிரிப்பதை வீடியோ எடுங்கள். ரிடர்ன் காலம் ஏழு நாளா பத்து நாளா என்று பார்த்து, அதற்குள் அடுத்த பகுதியில் சொல்லும் சோதனையை முடித்துவிட வேண்டும்.

4. சோதனை: கடையில் ஐந்து நிமிடம், வீட்டில் ஒரு வாரம்

கடையில் ஒரு கம்ப்யூட்டரில் செருகித் தரச் சொல்லுங்கள். யாரும் மறுப்பதில்லை. டெஸ்க்டாப்பில் ஏதாவது ஒரு ஃபோல்டரின் மேல் ஒரே ஒரு முறை, மெதுவாகக் கிளிக் செய்யுங்கள். அது நிறம் மாறித் தேர்வாக வேண்டும், திறக்கக்கூடாது. இதை நிதானமாக முப்பது நாற்பது தடவை செய்யுங்கள். ஒரு தடவை தானாகத் திறந்தாலும் அந்த மவுஸ் வேண்டாம். பிறகு ஃபோல்டரைப் பிடித்தபடியே திரையின் நாலு மூலைக்கும் இழுத்துச் செல்லுங்கள். வழியில் கைவிட்டுப் போகக்கூடாது. சக்கரத்தை உருட்டிப் பாருங்கள், ஒரே திசையில்தான் பக்கம் போக வேண்டும், நடுவில் எதிர்த்திசையில் துள்ளக்கூடாது. வலது பொத்தான், சக்கரத்தை அழுத்தும் பொத்தான் இரண்டையும் அழுத்திப் பாருங்கள். இவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்த முதல் வாரம் நிறையப் பயன்படுத்துங்கள், பெட்டியையும் உள்ளே வந்த தாளையும் பத்திரமாக வையுங்கள். பழுது இருந்தால் கடையிலேயே மாற்றித் தரச் சொல்லலாம். "விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது" என்று பில்லில் அச்சிட்டிருப்பதைப் பார்த்துப் பின்வாங்காதீர்கள். குறையுள்ள பொருளைப் பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பதும் அதே சட்டத்தில் முறையற்ற வணிக நடவடிக்கைதான். நிறம் பிடிக்கவில்லை, மனம் மாறிவிட்டது என்பதற்கு இது பொருந்தாது. குறை இருக்க வேண்டும்.

5. இணைப்பதும் கையை வைப்பதும்

வயர்லெஸ் ரிசீவரை நீல நிற யு.எஸ்.பி. துளையில் செருகினால் அம்புக்குறி சில நேரம் திக்கித் திக்கி நகரும். அது யு.எஸ்.பி. 3.0. அதில் பக்கத்திலேயே பென் டிரைவோ ஹார்ட் டிஸ்கோ ஓடும்போது எழும் மின் இரைச்சல், மவுஸ் பேசும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையிலேயே குறுக்கிடும். கறுப்புத் துளைக்கு மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும். அப்படியும் ஆகவில்லை என்றால் 100 ரூபாய் யு.எஸ்.பி. எக்ஸ்டென்ஷன் வயர் போட்டு ரிசீவரை மவுஸ் பக்கம் கொண்டுவாருங்கள். இதைத் தெரியாமல் நல்ல மவுஸைப் பழுது என்று திருப்பிக் கொடுத்தவர்கள் உண்டு.

கண்ணாடி மேசையிலும் பளபளக்கும் கிரானைட்டிலும் மவுஸ் சரியாக ஓடாது. அடியில் இருக்கும் சென்சார், மேசைப் பரப்பைச் சின்னச் சின்னப் படங்களாக எடுத்து ஒப்பிட்டுத்தான் நகர்வைக் கண்டுபிடிக்கிறது. கண்ணாடியில் ஒப்பிட ஒன்றும் இருக்காது. துணி மவுஸ் பேட் 100 முதல் 200 ரூபாய். அது வரும் வரை பழைய நோட்டுப் புத்தகம் போதும்.

விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ், அதில் புளூடூத் அண்ட் டிவைசஸ், அதற்குள் மவுஸ் என்று போனால் அம்புக்குறியின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கலாம். இடது கைக்காரர்கள் முதன்மைப் பொத்தானை வலதுக்கு மாற்றுவதும் அங்கேதான். வேகத்தை எப்படி வைப்பது என்றால், மணிக்கட்டைத் தூக்காமல் கையை மெல்ல நகர்த்தினால் திரையின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் போக வேண்டும்.

கை வலியைப் பற்றி ஒரு வார்த்தை. எனக்கு வலி வந்ததற்குக் காரணம் மவுஸ் இல்லை, மவுஸ் இருந்த இடம். கீபோர்டுக்கு அந்தப் பக்கம் எட்டிப் பிடித்துக்கொண்டிருந்தேன். முழங்கை உடம்பை ஒட்டியிருக்க, கீபோர்டும் மவுஸும் ஒரே உயரத்தில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கட்டும். மணிக்கட்டு மேலே மடங்காமல் நேராக இருக்க வேண்டும். விரல் மரத்துப்போவது ஒரு வாரத்துக்கு மேல் நீடித்தால் விலை கூடிய மவுஸ் தேடாமல் டாக்டரைப் பாருங்கள்.

6. கடற்காற்றும் இரண்டு மழைக்காலமும்

தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டுமே நமக்குக் கிடைக்கிறது. வயலுக்கும் ரப்பருக்கும் அது வரம், மின்பொருளுக்குச் சோதனை. முட்டம், குளச்சல், மணக்குடி போன்ற கரையோர ஊர்களில் உப்புக்காற்றும் சேர்ந்துகொள்ளும். பொத்தானுக்கு அடியில் உள்ள சுவிட்சின் உலோகத் தொடுமுனை மங்க மங்க, ஒரு தட்டு இரண்டாகப் பதிவாகும். வயர்லெஸ் மவுஸுக்கு இன்னொரு ஆபத்து பேட்டரி.

என் பக்கத்து வீட்டு அக்கா மகள் ஓணம் விடுமுறைக்குப் போய்விட்டு மாதம் ஒன்று கழித்து வந்து பார்த்தால் மவுஸ் ஓடவில்லை. மூடியைத் திறந்தோம். பேட்டரியின் ஒரு முனையிலிருந்து வெள்ளையும் பச்சையுமாகப் பூத்துப்போய், ஸ்பிரிங்கோடு சேர்ந்து கெட்டியாகப் பிடித்திருந்தது. உள்ளே இருந்தது விலை குறைந்த சாதாரண பேட்டரி. முனை முழுக்க அரித்துவிட்டதால் ஒன்றும் செய்ய முடியவில்லை. பேட்டரி கசிந்து கெட்டதை வாரண்டியில் ஏற்கமாட்டார்கள். ஆகவே ஆல்கலைன் என்று எழுதிய பேட்டரியே போடுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் பயன்படுத்தவில்லை என்றால் கழற்றி வையுங்கள், ஆல்கலைனும் கசியும். ஆல்கலைன் லேசாகக் கசிந்திருந்தால், கையில் உறை போட்டுக்கொண்டு, பட்ஸில் எலுமிச்சைச் சாறு தொட்டு அந்தப் பூச்சைத் துடைத்து, பிறகு ஈரமில்லாமல் காயவிட்டால் சில சமயம் பிழைத்துக்கொள்ளும்.

சென்சார் குழிக்குள் ஒரு முடி கிடந்தாலே அம்புக்குறி நடுங்கும். மாதம் ஒரு தடவை உலர்ந்த பட்ஸால் சுற்றி எடுங்கள். அடியில் வழுக்கிப் போவதற்கு ஒட்டியிருக்கும் பட்டைகளைச் சுற்றி அழுக்கு வளையமாகச் சேரும், அதை நகத்தால் சுரண்டலாம். தண்ணீரோ சானிடைசரோ ஊற்றாதீர்கள்.

7. கெட்டது மவுஸ்தானா?

எனக்கு எப்படித் தெரியவந்தது என்று சொல்கிறேன். மாதம் பத்தாம் தேதி ராத்திரி. மறுநாள் பதினொன்று, மாத விற்பனைக் கணக்கான ஜி.எஸ்.டி.ஆர்.-1 தாக்கல் செய்யும் கடைசி நாள். ஸ்கேன் செய்த விற்பனைப் பில்கள் இருந்த ஃபோல்டரை இழுத்து அந்த மாதத்து ஃபோல்டருக்குள் போடப் போனேன். பாதி வழியில் பிடி விட்டு, அது வேறு ஏதோ ஃபோல்டருக்குள் விழுந்துவிட்டது. எங்கே விழுந்தது என்று தெரியாது. ஒன்றரை மணி நேரம் தேடினேன். (அப்படி விழுந்தால் உடனே கன்ட்ரோலும் இசட்டும் சேர்த்து அழுத்துங்கள், பழைய இடத்துக்கே திரும்பிவிடும். அன்றைக்கு அது எனக்குத் தோன்றவில்லை.)

ஒரு கிளிக் இரண்டாகப் பதிவாவது, இழுக்கும்போது கைவிடுவது, இரண்டும் ஒரே நோய். சுவிட்ச் தேய்ந்தால் இரண்டும் சேர்ந்தே வரும். ஆனால் புகார் செய்வதற்கு முன் இவற்றைச் சரிபாருங்கள், முதல் கேள்வியே இதுவாகத்தான் இருக்கும்:

ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் "சிங்கிள் கிளிக் டு ஓப்பன்" என்பது தேர்வாகியிருந்தால் எல்லா ஃபோல்டரும் ஒரே கிளிக்கில் திறக்கும். அது மவுஸ் பழுது அல்ல.
மவுஸின் கூடுதல் செட்டிங்ஸில் "கிளிக் லாக்" ஆன் ஆகியிருந்தால், விட்ட பொருளும் ஒட்டிக்கொண்டு வரும். அதை அணைத்துவிடுங்கள்.
வயர்லெஸ் என்றால் புதுப் பேட்டரி போட்டுப் பாருங்கள்.
கடைசியாக வேறு கம்ப்யூட்டரில் செருகிப் பாருங்கள். அங்கேயும் அதே கோளாறு என்றால் மவுஸ்தான்.

8. வாரண்டி கேட்கும் முறை

முதலில் வீடியோ. உங்கள் விரல் பொத்தானை ஒரு தடவை அழுத்துவதும், திரையில் ஃபோல்டர் தானாகத் திறப்பதும் ஒரே காட்சிக்குள் வர வேண்டும். திரையை மட்டும் எடுத்தால் நீங்கள் இரண்டு தடவை அழுத்தியிருப்பீர்கள் என்று சொல்லிவிடுவார்கள். நான் முதலில் எடுத்தது அப்படித்தான் திரும்பி வந்தது, அதில் ஆறு நாள் போயிற்று. முப்பது விநாடி போதும். அதிலேயே மவுஸைத் திருப்பி சீரியல் நம்பரையும் காட்டிவிடுங்கள்.

அப்புறம் கம்பெனியின் வாடிக்கையாளர் சேவைக்குப் போன் செய்யுங்கள். எண்ணைப் பெட்டியில் இருந்தே எடுங்கள், அல்லது கம்பெனியின் சொந்த இணையதளத்தில் இருந்து. தேடலில் முதலில் வரும் எண்ணை நம்பி அழைத்தால் மோசடிக்காரர்கள் எடுப்பார்கள். ஓ.டி.பி. கேட்டாலோ, "பத்து ரூபாய் ரெஜிஸ்ட்ரேஷன்" என்று பணம் கேட்டாலோ, ஸ்கிரீன் ஷேர் ஆப் போடச் சொன்னாலோ உடனே போனை வைத்துவிடுங்கள். வாரண்டிக்கு இவை எதுவும் தேவையில்லை.

போனில் பேசினாலும் மெயிலும் அனுப்புங்கள். மெயிலில் மாடல், சீரியல் நம்பர், வாங்கிய தேதி, பழுது என்ன, நீங்களே செய்து பார்த்த சோதனைகள் என்னென்ன, உங்கள் முகவரி, பின்கோடு எல்லாம் இருக்கட்டும். பில் படமும் வீடியோவும் இணையுங்கள். புகார் எண் ஒன்று தருவார்கள். அதற்குப் பிறகு நடப்பது எல்லாம் அந்த எண்ணை வைத்துத்தான்.

கம்பெனிக்குக் கம்பெனி முறை மாறும். சர்வீஸ் சென்டரில் நேரில் கொடுக்கச் சொல்லலாம், கூரியரில் அனுப்பச் சொல்லலாம், கடை மூலமாக மாற்றித் தரலாம். நேரில் என்றால், கிளம்பும் முன் போன் செய்து, இந்த மாடலை அங்கே எடுக்கிறார்களா, என்னென்ன கொண்டுவர வேண்டும், எத்தனை மணி வரை திறந்திருக்கும் என்று கேளுங்கள். என் முதல் பயணம் வீணானது இதைக் கேட்காமல்தான். இரண்டாம் பயணம் வீணானது ரிசீவரால். மவுஸை எடுத்துப் போனவன், கம்ப்யூட்டரின் பின்னால் செருகியிருந்த ரிசீவரை வீட்டிலேயே விட்டுவிட்டேன். அது இல்லாமல் வாங்கமாட்டார்கள். வடசேரி பஸ் ஸ்டாண்டில் சாயா குடித்துக்கொண்டு பையைத் துழாவியபோதுதான் தெரிந்தது.

கொண்டுபோக வேண்டியவை: மவுஸ், ரிசீவர், பில் அசலும் ஒரு நகலும், பெட்டி இருந்தால் பெட்டி, புகார் எண், ஏதாவது ஓர் அடையாள அட்டை. பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். கொடுத்ததும் சீரியல் நம்பர் எழுதிய ரசீது வாங்காமல் நகராதீர்கள்.

கூரியர் என்றால் பபிள் உறை சுற்றிச் சின்ன அட்டைப் பெட்டியில் வைத்து, ஸ்பீடு போஸ்டிலோ டிராக்கிங் உள்ள கூரியரிலோ அனுப்புங்கள். எனக்கு 90 ரூபாய் ஆனது. யார் கூரியர் செலவைத் தருவது என்று முன்னாலேயே மெயிலில் கேளுங்கள்.

ஒரு எச்சரிக்கை. மவுஸைத் திறக்காதீர்கள். அடிப்பட்டைக்குக் கீழோ ஸ்டிக்கருக்குக் கீழோதான் திருகு இருக்கும். பட்டை கிளம்பியிருந்தாலே திறந்தது தெரிந்துவிடும், வாரண்டி போச்சு.

எல்லாத் தாளும் சரியாக இருந்தால் பத்து நாள் முதல் மூன்று வாரத்துக்குள் மாற்று மவுஸ் வரும் என்பது என் அனுபவம். எனக்கு ஏழு வாரம் ஆனது, தேதியில்லாத துண்டுச் சீட்டை வைத்துக்கொண்டு அலைந்ததால். கடைசியில், மவுஸ் வாங்கிய அன்றைக்கு ஜி-பேயில் பணம் அனுப்பிய விவரத்தை எடுத்து, கடையில் அதே தேதிக்கு பில் போட்டு வாங்கிக் கொடுத்த பிறகுதான் வேலை நடந்தது. ரொக்கமாகக் கொடுத்திருந்தால் அதுவும் இல்லை. மாற்றாக வந்த மவுஸுக்குப் புது வாரண்டி கிடையாது, பழையதில் மீதியுள்ள நாட்கள்தான் என்று எனக்குச் சொன்னார்கள். உங்களுக்கு என்ன என்பதை மெயிலில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

9. மறுத்தால்

ஆன்லைன் தளம் என்றால் அதில் குறைதீர்ப்பு அதிகாரியின் பெயரும் தொடர்பும் இருக்க வேண்டும். 2020 மின்வணிக விதிகளின்படி புகார் கிடைத்ததாக 48 மணி நேரத்துக்குள் பதில் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்த்து வைக்க வேண்டும். கடையோ கம்பெனியோ பதிலே சொல்லவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். கட்டணம் இல்லை. தமிழிலேயே பேசலாம். புகார் எண், பில், மெயில் போக்குவரத்து மூன்றும் கையில் இருக்க வேண்டும்.

அதற்கும் மேலே நாகர்கோவிலில் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். ஆனால் 650 ரூபாய்ப் பொருளுக்கு அதுவரை போக வேண்டிய நிலை பெரும்பாலும் வராது. பத்துப் பதினைந்து மவுஸ் சேர்த்து வாங்கிய பள்ளி, டைப்பிங் சென்டர் மாதிரி இடங்களுக்குத்தான் இது தேவைப்படும்.

10. மவுஸ் இல்லாத நாட்களில்

வேலையை நிறுத்த வேண்டாம். கணக்கு எழுதும் டேலியை முழுக்கக் கீபோர்டிலேயே ஓட்டலாம். விண்டோஸில் இடது ஆல்ட், இடது ஷிஃப்ட், நம்லாக் மூன்றையும் சேர்த்து அழுத்தி, வரும் கேள்விக்கு எஸ் கொடுத்தால், வலதுபக்க எண் பொத்தான்களே மவுஸாகிவிடும். 4, 6, 8, 2 நாலு பக்கமும் நகர்த்தும், 5 கிளிக், கூட்டல் குறி இரட்டைக் கிளிக். மெதுவாகத்தான் போகும். ஆனால் அவசரத்துக்கு ஒரு பில் போட்டுக் கொடுக்க அது போதும். ஷிஃப்ட்டும் எஃப்10-ம் சேர்த்தால் வலது கிளிக் மெனு.

தினமும் இதை வைத்துப் பிழைக்கிறவர்கள் 250 ரூபாய்க்கு ஒரு வயர் மவுஸ் வாங்கி மேசை இழுப்பறையில் போட்டு வையுங்கள். நான் இப்போது அப்படித்தான் வைத்திருக்கிறேன், அதன் பில்லோடு.

11. வாரண்டி முடிந்த பிறகு கெட்டால்

தூக்கிப் போடாதீர்கள். இரட்டைக் கிளிக் விழும் மவுஸில் பெரும்பாலும் போவது ஒரே ஒரு மைக்ரோ சுவிட்ச். ஆன்லைனில் ஒன்று 20 முதல் 50 ரூபாய். அதன் மூன்று கால்களையும் சூடுகாட்டிக் கழற்றிப் புதியதை ஈயம் வைத்து ஒட்ட வேண்டும், செல்போன் பழுது பார்க்கிற யாருக்கும் கைவந்த வேலை. எனக்குச் சுவிட்சோடு சேர்த்து 120 ரூபாய் வாங்கினார்கள், அரை மணி நேரத்தில் முடிந்தது. மவுஸின் விலை 500-க்கு மேல் என்றால்தான் இது கட்டுப்படியாகும். அவசரம் என்றால் கையில் இருக்கும் மவுஸின் வலது பொத்தான் சுவிட்சைக் கழற்றி இடதுக்கும், இடதை வலதுக்கும் மாற்றித் தரச் சொல்லலாம். வலது பொத்தானை நாம் அதிகம் அழுத்துவதில்லை, அது புதிதாகவே இருக்கும்.

வயர் மவுஸ் அடிக்கடி துண்டிக்கப்பட்டால், உடம்பிலிருந்து வயர் வெளியே வரும் இடத்தில்தான் உள்ளே அறுந்திருக்கும். இரண்டு அங்குலம் வெட்டி எறிந்துவிட்டு மறுபடி ஒட்டினால் ஓடும். வெட்டும் முன் நான்கு வயர்களும் எந்த நிறம் எங்கே இருக்கிறது என்று படம் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.